வரிசையில் நீங்க பதினேழு

மலைச்சாமிக்கு நெஞ்சுவலி வந்தது மே மாதத்து ஞாயிற்றுக்கிழமை. கொடைக்கானலில் யாருக்கும் எதுவும் வரக் கூடாத நாள் அது. ஆஸ்பத்திரியில் ஊசி போட்டு, "மதுரைக்குக் கொண்டு போயிருங்க, வெரசா" என்று எழுதிக் கொடுத்தார்கள். எழுதிக் கொடுப்பவர் கையிலா மலைப்பாதை இருக்கிறது?

செண்பகனூர் தாண்டி ரெண்டு வளைவு இறங்கியதும் ஆம்புலன்ஸ் நின்றுவிட்டது. எதிரே ஏறி வந்த வண்டிகளில் பாதி, முந்துகிற ஆசையில் இறங்குகிற பாதைக்குள்ளும் புகுந்து, மூக்கோடு மூக்கு முட்டி நின்றன. எல்லாம் இ-பாஸ் எடுத்த வண்டிகள்தான். பாஸ் இருந்தது, ரோடு இல்லை.

உள்ளே தலைமாட்டில் மகள் மகாதேவி. கால்மாட்டில் மகன் வேல்ராஜ். கொடைக்கானலுக்கு மேலே பூண்டியில் வெள்ளைப்பூண்டு போடுகிற குடும்பத்திலிருந்து படித்துப் போய், சென்னை விமான நிலையத்தில் கன்ட்ரோலர் ஆனவன். ஊரில் அவனை "பிளேன் ஓட்டுறவரு" என்பார்கள். அவன் ஓட்டுவதில்லை. ரேடார் திரைமுன் உட்கார்ந்து, ஓட்டுகிறவர்கள் ஒருவர்மேல் ஒருவர் விழாமல் பார்த்துக்கொள்கிறவன். ஒரு விமானி "உள்ளே நோயாளி" என்று சொன்னால் போதும். முன்னால் இருக்கிற பத்து விமானங்களையும் ஆயிரமாயிரம் அடி உயர வித்தியாசத்தில் வட்டமடிக்க விட்டு, அந்த ஒன்றை நேரே தரைக்கு இறக்கிவிடுவான். இங்கே சைரன் போட்டதற்கு, பின்னால் ஒரு சொகுசுக் கார் ஆம்புலன்சோடு ஒட்டிக்கொண்டு வந்ததுதான் மிச்சம்.

"வேலு, பக்கத்துலயே இருடா" என்றார் மலைச்சாமி.

"ரெண்டே நிமிஷம், அய்யா. வழிய விலக்கிட்டு வந்துர்றேன்."

"நீ போகாதண்ணே. டிரைவர் போகட்டும்" என்றாள் மகாதேவி. அவன் அதற்குள் குதித்திருந்தான்.

பார்த்ததுமே முடிச்சு எங்கே என்று அவனுக்குப் புரிந்தது. ஏறுகிற வரிசை நகர்ந்து இடைவெளி விட்டால்தான் தப்பான பாதையில் நிற்பவை உள்ளே நுழைய முடியும். இதிலிருந்து ஒன்று, அதிலிருந்து ஒன்று. ஒவ்வொரு டிரைவரிடமும் போய் நம்பர் கொடுத்தான். கொடுத்ததைத் திருப்பிச் சொல்ல வைத்தான். வானத்தில் அதுதான் முறை; தலையாட்டினால் கணக்கில்லை.

"முன்னாடி பஸ் போனப்புறம் நீங்க. என்ன சொன்னேன்?"

"பஸ் போனப்புறம் நான். ஏங்க, பள்ளிக்கூடமா நடத்துறீங்க?"

ஒரு வெள்ளைக் காரிலிருந்து ஆளுங்கட்சிப் பிரமுகர் சேனாதிபதி இறங்கினார். மலைப்பாதைப் பாதுகாப்பு வாரத்தைத் தொடங்கி வைக்கப் போய்க்கொண்டிருந்தார். தப்பான பாதையில்.

"தம்பி, நான் யாருன்னு தெரியுமா?"

"வரிசையில நீங்க பதினேழு. திருப்பிச் சொல்லுங்க."

கூட்டம் சிரித்தது. சேனாதிபதி நாலு பக்கமும் பார்த்துவிட்டு, "பதினேழு" என்றார்.

வண்டிகள் நகர ஆரம்பித்தன. ஒன்பது, பத்து, பதினொன்று. அப்போது பின்கதவைத் திறந்து மகாதேவி கத்தினாள்: "அண்ணே, சோலியப் போட்டுட்டு வா! அய்யா தேடுறாரு!"

அவன் திரும்பாமலே ஒரு விரலைத் தூக்கிக் காட்டினான். ஒரு நிமிஷம். வரிசையைப் பாதியில் விட்டு எழுந்து போகிற பழக்கம் கன்ட்ரோலர்களுக்குக் கிடையாது. இன்னொரு ஆள் வந்து, எந்த விமானம் எங்கே என்று கேட்டுப் பொறுப்பை வாங்கிக்கொண்டால்தான் நாற்காலியை விடலாம். பதினெட்டு வருஷப் பழக்கம். இங்கே வாங்கிக்கொள்ள யாருமில்லை. பன்னிரண்டு, பதிமூன்று.

முப்பத்தொன்றாவது வண்டியோடு பாதை திறந்தது. யாரோ கை தட்டினார்கள். காரை ஓரங்கட்டிவிட்டுக் காத்திருந்த சேனாதிபதி, அவன் தோளில் கை போட்டு செல்ஃபி எடுத்துக்கொண்டார்.

வேல்ராஜ் ஓடி வந்து ஆம்புலன்சில் ஏறியபோது, மகாதேவி அய்யாவின் வாயைத் துண்டால் துடைத்துக்கொண்டிருந்தாள்.

"ரெண்டு தடவ ஒன்னயக் கேட்டாரு. இந்தா வர்றான், இந்தா வர்றான்னு சொல்லிக்கிட்டே இருந்தேன்" என்றாள். அழவில்லை. அவன் முகத்தைப் பார்க்கவும் இல்லை.

முன்னால் இருந்து டிரைவர் ஜெயமுருகன் எட்டிப் பார்த்தான். பிறகு சைரனை அணைத்தான்.

"பூண்டிக்கே திருப்பிருவோம் சார். ஆனா ரெண்டு பக்கமும் நிறுத்தணும். நீங்க சொன்னாத்தான் கேக்குறாங்க. கொஞ்சம் எறங்குனீங்கன்னா…"

பின்னாலிருந்த வண்டிகள் ஹாரன் அடிக்கத் தொடங்கின. பாதை திறந்த பிறகும் நகராமல் நிற்பது ஆம்புலன்ஸ் ஒன்றுதான்.

வேல்ராஜ் இறங்கவில்லை. அய்யாவின் பாதங்களைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தான். வண்டி திரும்ப அரை மணி நேரம் ஆனது.