மூன்றாவது தட்டு

எங்கள் வீட்டின் முன்னறைதான் இஸ்திரிக் கடை. அப்பா தேய்ப்பார், அம்மா மடித்து அடுக்குவாள். இருவருக்கும் நடுவே ஒரு நீள மேசை. அதைத் தாண்டி எட்டு மாதமாக ஒரு வார்த்தை போகவில்லை.

அண்ணனை அடக்கம் செய்துவிட்டு வந்த அன்று ஆளுக்கு ஒன்று பேசினார்கள். "நீங்க வண்டிச் சாவியக் குடுக்காம இருந்திருந்தா" என்றாள் அம்மா. "நீ அவனைச் சொட்டு நீலம் வாங்க அனுப்பாம இருந்திருந்தா" என்றார் அப்பா. அதோடு சரி. பிறகு எல்லாம் என் வழியாகத்தான். "உங்கப்பாவைச் சாப்பிட வரச்சொல்லு" என்பாள், அவர் இரண்டடி தள்ளி நிற்கும்போதே. "பசிக்கலன்னு சொல்லு" என்பார். பள்ளிக்கூடத்தை விட்டு நின்ற எனக்கு அதுவும் ஒரு வேலை.

காலையில் பத்து நிமிடம் மட்டும் வீட்டில் பேச்சுச் சத்தம் இருக்கும். பேப்பரின் கடைசிப் பக்கத்தில் மூன்று கட்டத்தில் ஒரு சிரிப்புப் படம் வரும். ஒரு புருஷன், ஒரு பெண்டாட்டி, தினம் ஒரு சண்டை. கை ஓயாத இருவருக்கும் நான் படித்துக் காட்டுவேன். வயிறு பெருத்த புருஷனுக்கு அம்மா வைத்த பேர் தொப்பையன். எப்போதும் கரண்டியோடு நிற்கும் பெண்டாட்டிக்கு அப்பா வைத்த பேர் அகப்பை.

"தொப்பையன் குடையைத் தொலைச்சிட்டு வந்து நிக்கிறான்" என்று படிப்பேன்.

"தலையையும் சேத்துத் தொலைச்சிருக்கலாம்" என்பாள் அம்மா, மடிக்கிற சட்டையைப் பார்த்து. "உள்ள ஒண்ணுமில்ல, யாரும் தேட மாட்டாங்க."

"அகப்பை வாய்க்குப் பயந்து குடை தானாவே ஓடியிருக்கும்" என்பார் அப்பா, இஸ்திரிப் பெட்டியைப் பார்த்து. "நானா இருந்தா வழிச்செலவும் குடுத்து அனுப்பியிருப்பேன்."

"குடுக்கிற மூஞ்சியப் பாரு!"

சிரிக்க மாட்டார்கள். ஆனால் அந்தப் பத்து நிமிடத்தில் வேலை வேகமாக நடக்கும்.

ஒரு திங்கட்கிழமை அந்த இடத்தில் சோபா விளம்பரம் இருந்தது. படம் வரைகிறவர் ஓய்வு பெற்றுவிட்டார் என்று கீழே பொடி எழுத்தில் போட்டிருந்தது.

"என்னடி, இன்னைக்கு என்ன கூத்து?" என்றாள் அம்மா. அப்பாவும் பெட்டியை நிமிர்த்தி வைத்துவிட்டுக் காத்திருந்தார்.

சோபாவைப் பார்த்தபடியே, "தொப்பையன் உப்புக்குப் பதிலா சோப்புத்தூளை அள்ளிப் போட்டுட்டான்" என்றேன்.

"நல்லதாப் போச்சு. குடலாவது வெளுக்கட்டும்."

அப்படியே பத்து நாள் ஓட்டினேன். நாலு பேர் முன்னால் எனக்கு வாய் எழாது. அந்தப் பேப்பரைப் பிடித்தால் மட்டும் எழுந்தது. தொப்பையனைப் பரணில் ஏற்றிவிட்டு ஏணியை எடுத்தேன். அகப்பையைப் பக்கத்து வீட்டுச் செருப்போடு கடைத்தெருவுக்கு அனுப்பினேன். அன்றைக்கு அப்பா வாய்விட்டுச் சிரித்துவிட்டார். உடனே பயந்துபோய், சுவரில் இருந்த அண்ணனின் படத்தைப் பார்த்தார்.

பதினோராவது நாள் எனக்குத் துணிச்சல் மிஞ்சிவிட்டது.

"அகப்பை மூணு தட்டு எடுத்து வைக்கிறா. எதுக்குடி மூணுங்கிறான் தொப்பையன். கை பழகிடுச்சுங்கிறா."

அம்மா தினமும் நான்கு தட்டு எடுத்து, ஒன்றைத் திரும்ப வைப்பதை நான் பார்த்திருக்கிறேன். அப்பாவும்தான் பார்த்திருப்பார்.

"அதுங்களுக்குப் பிள்ளையே கிடையாதே" என்றார் அப்பா. கையை நீட்டினார். "குடு இங்க."

பேப்பரைக் கொடுத்தேன். அவர் பக்கத்தைத் திருப்பிப் பார்த்தார். அன்றைக்கு மின்விசிறி விளம்பரம். அவர் முகம் மாறவில்லை. பழைய பேப்பரில்தான் துணியைப் பொட்டலம் கட்டுவோம், கட்டுவது அவர். சிரிப்புப் படம் நின்றுபோனதை முதல் நாளே பார்த்திருப்பார் என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது.

மின்விசிறியின் மேல் விரலை வைத்துப் படித்தார்.

"தொப்பையன் சொல்றான்... அவன் வண்டி கேக்கவே இல்ல. நடந்துதான் கிளம்பினான். நான்தான் கூப்பிட்டுச் சாவியக் குடுத்தேன். வெயிலா இருக்கேன்னு."

அம்மா மடித்த சட்டையைப் பிரித்து மறுபடி மடித்தாள்.

"அகப்பை என்ன சொல்றா?" என்றார் அப்பா. என்னைக் கேட்கவில்லை.

"ஏங்க" என்றாள் அம்மா. எட்டு மாதமாக அந்த வீட்டில் யாரும் கேட்காத சொல். "சொட்டு நீலம் இருந்துச்சுங்க. அலமாரிக்குப் பின்னால விழுந்து கிடந்துச்சு, முழு பாட்டில். அடக்கம் முடிஞ்ச மறுநாள் பாத்தேன். அவன் போயே இருக்க வேணாம்."

அப்பா சுவிட்சை அணைத்தார். மேசையைச் சுற்றி வந்தார். அம்மா அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். அவரும் பக்கத்தில் உட்கார்ந்தார். அம்மாவின் தொண்டையிலிருந்து வந்த சத்தத்தை அடக்கத்தன்றுகூட நான் கேட்டதில்லை.

வாசலில் வாடிக்கைக்காரர் ஒருவர் துணிப்பையோடு வந்து நின்றார். அண்ணனைத் தூக்கிய நால்வரில் அவரும் ஒருவர்.

"இன்னைக்குக் கடை இல்லைங்க" என்றார் அப்பா, தரையிலிருந்தபடியே. "பையன் தவறிட்டான்."

வந்தவர் பையைக் கீழே வைத்துவிட்டு, கதவை மெல்லச் சாத்திக்கொண்டு போனார்.