ஐசம் டார்வரின் சாட்சி

என் கணவர் எலைஹு ஸ்ட்ரவுட், காலையில் மாட்டுக்குத் தீவனம் போட்டுவிட்டு அதே பூட்ஸோடு கோர்ட்டுக்குப் போகிற வக்கீல். ஒஹாயோவில் எங்கள் ஊர்க்காரர்கள் அவரை இரண்டு முறை சட்டசபைக்கு அனுப்பினார்கள். மூன்றாம் முறை அனுப்பாத காரணத்தைச் சொல்கிறேன்.

எங்கள் சோள வயலை ஒட்டி ஐசம் டார்வருக்கு நாற்பது ஏக்கர் இருந்தது. அவர் கறுப்பர்; யாருக்கும் அடிமையில்லை, பத்திரமும் அவர் பெயரில்தான். லூதர் ஸ்கெக்ஸ் என்பவனுக்கு அது பொறுக்கவில்லை. ஓர் ஆகஸ்ட் நண்பகலில் பந்தத்தோடு வந்து ஐசமின் களஞ்சியத்தைக் கொளுத்தினான். ஐசமும் அவர் மனைவியும் இருபதடி தூரத்தில் நின்று பார்த்தார்கள். அவன் முகத்தைக்கூட மறைக்கவில்லை. மறைப்பானேன்? வெள்ளையருக்கு எதிராகக் கறுப்பர் சாட்சி சொல்லக் கூடாது என்பது அன்றைய சட்டம்! ஐசமுக்காக எலைஹு தொடுத்த வழக்கில், நீதிபதி ஐசமைக் கூண்டில் ஏறவே விடவில்லை. கால்மணி நேரத்தில் வழக்கு தள்ளுபடி.

வாசலில் ஸ்கெக்ஸ் சிரித்தான். "என்ன வக்கீலே, உங்க சாட்சிக்கு வாய் இல்லையா?"

அந்தக் குளிர்காலத்தில் எலைஹு சட்டத்தை நீக்கக் கோரி மசோதா கொண்டுபோனார். நான் பார்வையாளர் மாடத்தில் உட்கார்ந்திருந்தேன். ஓர் உறுப்பினர் எழுந்தார்.

"ஸ்ட்ரவுட், இன்னிக்கு அவன் சாட்சி சொல்லுவான். நாளைக்கு உங்க வீட்டுக் கழுதையும் கூண்டுல ஏறுமா?"

சபை முழுக்கச் சிரிப்பு.

"கழுதைங்க சட்டசபைக்கே வந்தாச்சு, கோர்ட்டுக்கு வந்தா என்ன?" என்றார் எலைஹு. "நெருப்பு வெச்சவனைப் பார்த்த மனுஷன் உயிரோட இருக்கான். அவன் தோலு என்ன நிறம்னு எதுக்குய்யா கேக்கறீங்க?"

மசோதா தோற்றது. அடுத்த தேர்தலில் அவரும் தோற்றார். ஆனால் இரண்டு வருஷம் கழித்து வேறு ஆட்கள் அந்தச் சட்டத்தை நீக்கினார்கள். செய்தி வந்தபோது எலைஹு ஆட்டுக்கு உரோமம் கத்தரித்துக்கொண்டிருந்தார். பாதியில் விட்டுவிட்டுக் குதிரை ஏறிப் போய் வழக்கை மறுபடி தாக்கல் செய்தார்.

ஐசம் கூண்டில் ஒரு மணி நேரம் பேசினார். காற்று எந்தப் பக்கம் அடித்தது, ஸ்கெக்ஸ் எந்தக் கையில் பந்தம் பிடித்திருந்தான், எல்லாம் சொன்னார். ஸ்கெக்ஸின் வக்கீலால் ஒரு வார்த்தையைக்கூட அசைக்க முடியவில்லை. தீர்ப்புச் சொல்லும் ஜூரியில் பன்னிரண்டு பேரும் வெள்ளையர்கள். அவர்களுக்குத் தலைவர் எங்கள் பக்கத்துப் பண்ணை ஹார்வி பென்டன். உள்ளே போய்க் கலந்து பேசிவிட்டுப் பத்தே நிமிஷத்தில் திரும்பி வந்தார்.

"ஸ்கெக்ஸ் மேல தப்பில்ல."

எலைஹு மேசையை அறைந்து எழுந்தார். "ஹார்வி, அவர் சொன்னதுல எது பொய்? ஒண்ணே ஒண்ணு சொல்லு!"

"பொய்னு யாருப்பா சொன்னா? ஸ்கெக்ஸ் நம்ம ஆளு, அவ்வளவுதான்."

இதைக் கேட்டும் நீதிபதி, எலைஹுவைத்தான் உட்காரச் சொன்னார்.

ஐசம் கோட்டுப் பொத்தானைப் போட்டுக்கொண்டார். "நான் சொன்னதைக் கோர்ட்டுல எழுதிட்டாங்க, வக்கீலய்யா. இனிமே யாரும் தெரியாதுன்னு சொல்ல முடியாது."

"எனக்கு அது போதாது ஐசம்," என்றார் எலைஹு.

இலையுதிர்காலத்தில் ஐசம் புதுக் களஞ்சியம் எழுப்பினார். அதன் மரச்சட்டங்களைத் தூக்கி நிறுத்த அக்கம்பக்கத்திலிருந்து முப்பது பேராவது வர வேண்டும். ஒன்பது பேர்தான் வந்தோம். நானும் கயிறு பிடித்தேன். ஹார்வி வேலியோரம் வந்து, கைகளைப் பையில் விட்டுக்கொண்டு நின்றார். எங்களில் யாரும் அவரைக் கூப்பிடவில்லை.