சாவனதுர்காவிலிருந்து தெரியும் மொட்டைமாடி

மாகடிப் பக்கம் இருக்கும் சாவனதுர்கா மலையின் உச்சியில் நின்றால், மர்பி டவுனில் தியோடர் வீட்டு மொட்டைமாடி தெரியும். நடுவில் ஐம்பது கிலோமீட்டர் இருந்தும், கொடியில் எந்தத் துணிக்கு எந்த நிறக் கிளிப் என்பது வரை தெரியும். தனியாக ஏற வேண்டும், அவ்வளவுதான். 1991இல் மைத்துனன் டென்சிலைக் கூட்டிப்போனபோது மஞ்சனபெலே அணையும் அதற்கப்பால் புகைமூட்டமும்தான் தெரிந்தன. "வெயில் மண்டைக்கு ஏறிடுச்சு மச்சான்" என்று டென்சில் தண்ணீர் பாட்டிலை நீட்டினான்.

தியோடருக்கு டெலிபோன் பாக்டரியில் வேலை. இரண்டாம் சனிக்கிழமை விடுமுறை என்பதால் அன்று விடிகாலையிலேயே மாகடி பஸ்ஸைப் பிடித்துவிடுவார். ஒரே கல்லாக எழுந்து நிற்கும் அந்த மலையில், பாறைமேல் பூசிய வெள்ளை அம்புகளைப் பார்த்து, சில இடங்களில் தவழ்ந்துதான் ஏற வேண்டும். உச்சியில் நந்தி மண்டபத்து நிழலில் எலுமிச்சைச் சாதம் தின்றபடி, மனைவி சலேத்மேரி துணி காயப்போடுவதைப் பார்த்துக்கொண்டிருப்பார். அவள் முதலில் நம்பவில்லை. "காக்கா மேல நீ செருப்ப விட்டெறிஞ்ச, அது பக்கத்து வீட்ல போய் விழுந்துச்சு" என்று அவர் ஒருநாள் வந்து சொன்னதும் வெலவெலத்துப் போனாள். அடுத்த மாதத்திலிருந்து கல்யாணப் பட்டு கட்டி, பூ வைத்துக்கொண்டு ஈரத்துணி உலர்த்தினாள். தெருவே சிரித்தது. அதையெல்லாம் அவள் பொருட்படுத்தவில்லை. "நீங்க மட்டும் என்னைப் பாக்கறீங்க. எனக்கு நீங்க தெரியறதில்லியே" என்பது ஒன்றுதான் அவளுக்குக் குறை.

1999இல் சலேத்மேரி காய்ச்சலில் இறந்துபோனாள். தியோடர் மலைக்குப் போவதை விட்டுவிட்டார். கேட்டவர்களிடம் முட்டிவலி என்றார். உண்மையில், காலி மாடியைப் பார்க்கப் பயம். பார்த்துவிட்டால் அவள் போனது போனதுதான் என்றாகிவிடும். வீட்டை விற்றார், வாங்கியவர்கள் இடித்து நாலு மாடி எழுப்பினார்கள், அவர் லிங்கராஜபுரத்தில் மகளோடு தங்கினார். 2006 வாக்கில் வேறொரு பயம் பிடித்துக்கொண்டது. நினைவில் சலேத்மேரி போட்டோவில் இருப்பதுபோல் மட்டுமே வந்தாள், அசையவில்லை. இதற்கு அந்தப் பயமே பரவாயில்லை என்று ஒரு இரண்டாம் சனிக்கிழமை பஸ் ஏறினார்.

மூச்சிரைக்க உட்கார்ந்து உட்கார்ந்து ஏறியதில் உச்சிக்குப் போக மத்தியானமாகிவிட்டது. அந்தப் பழைய மாடி அப்படியே இருந்தது. பட்டுச்சேலையில் சலேத்மேரி ஒரு போர்வையை உதறிக்கொண்டிருந்தாள். தியோடர் வாய்விட்டு அழுதார். அவள் அண்ணாந்து நேரே அவரைப் பார்த்து, இடுப்பில் கைவைத்து முறைத்தாள். பிறகு தன் நெஞ்சைத் தொட்டுத் தொட்டுக் காட்டினாள். குனிந்து பார்த்தார். சட்டையில் மூன்றாவது பட்டன் இல்லை.

சாயந்திரம் வீட்டுக்கு வந்ததும் சட்டையைக் கழற்றி மகளிடம் கொடுத்தார்.

"அம்மா சொன்னாங்களா?" என்று அவள் ஊசியில் நூல் கோத்தபடி கேட்டாள்.

"முறைச்சா."

"பின்ன, இதைப் போட்டுட்டா போவாங்க? அடுத்த மாசம் அந்த நீலச் சட்டைய அயர்ன் பண்ணி வைக்கறேன்" என்று சொல்லி, அவள் நூலைப் பல்லால் கடித்து அறுத்தாள்.