மூக்குத்தித் திருகாணி

தேயிலைக் காட்டில் இரண்டு தடவை மயங்கி விழுந்த ரஞ்சனியை, தலையை ஸ்கேன் எடுக்க பிக்கட்டியிலிருந்து முதல் பஸ்ஸில் ஊட்டி ஆஸ்பத்திரிக்குக் கூட்டி வந்திருந்தான் புருஷன் ரவிச்சந்திரன். வளையல், தோடு, மெட்டி எல்லாம் கழன்று அவன் சட்டைப் பைக்குள் போய்விட்டன. மூக்குத்தி மட்டும் வரமாட்டேன் என்று அடம் பிடித்தது.

“பொட்டு நகைகூட இருக்கக் கூடாதுங்க. கழட்ட முடியலைன்னா அப்புறம் அடுத்த மாசந்தான் தேதி கிடைக்கும்,” என்றாள் நர்ஸ் சசிரேகா. அதற்குள் இவள் எந்தச் சரிவில் உருண்டு கிடப்பாளோ என்று நினைத்தான் அவன்.

யாரைக் கேட்டாலும் சொல்வது ஒன்றுதான், எண்ணெய் போடு. சசிரேகாவும் போட்டாள். போச்சு! கல் இல்லாத வழவழப்பான தங்க மொட்டு. அதில் எண்ணெயும் சேர்ந்தால் விரல் எங்கே நிற்கும்?

“வெட்டிரலாமுங்களா?” என்றாள் நர்ஸ்.

“ஐயோ, அது மட்டும் வேண்டாமுங்க,” என்றாள் ரஞ்சனி.

ரவிச்சந்திரன் டீ ஃபேக்டரியில் ஃபிட்டர். கல்யாண வீட்டுக்குப் போனாலும் ஜெர்கினில் சின்னக் குறடு கூடவே வரும், அப்படி ஒரு ஆசாமி. ஆனால் குறட்டுக்குப் பல் உண்டு. தங்கத்தில் பட்டால் கடித்து வைத்துவிடும். முதலில் ஸ்பிரிட் பஞ்சால் எண்ணெயைச் சுத்தமாகத் துடைத்தான். பிறகு ஒரு ரப்பர் கையுறை கேட்டு வாங்கி, அதன் விரல்களை வெட்டிக் குறட்டின் இரண்டு தாடைக்கும் மாட்டினான். இனிப் பல்லும் படாது, பிடியும் வழுக்காது.

“உள்ளார இருக்கற திருகாணிய நகத்தால அழுத்திப் புடிச்சுக்க. நான் வெளிய திருப்பறேன்.”

மொட்டு திரும்பியது. ஆகா என்று இன்னும் திருப்பினான். அது பாட்டுக்குச் சுற்றிக்கொண்டே இருந்ததே தவிர, கழலவில்லை. ரப்பரை மாற்றிப் பார்த்தான். மூக்குத்தி செய்த ஆசாரியைக் கண்டபடி திட்டினான். ரஞ்சனியின் மூக்கு சிவந்துபோனது. ஸ்கேன் ரூம் கதவுக்குள்ளிருந்து சசிரேகா தலையை நீட்டி, “இன்னும் ஆகலீங்களா? அடுத்த ஆளக் கூப்பிடட்டுங்களா?” என்றாள்.

“இருங்க சிஸ்டர்,” என்று சொல்லிவிட்டு, குனிந்து ரஞ்சனியின் மூக்குக்குள் பார்த்தான். அவள் விரல் திருகாணியைச் சும்மா தொட்டுக்கொண்டு இருந்தது. மொட்டோடு சேர்ந்து திருகாணியும் சுற்றியிருக்கிறது.

“ஏம்புள்ள, நீ புடிக்கவே இல்லையே!”

ரஞ்சனியின் கண் நிறைந்துவிட்டது.

“புடிச்சா கழண்டுருமுங்க,” என்றாள். “கழண்டா உள்ள போகணும். போனா, என்ன நோவுன்னு சொல்லிருவாங்க.”

அவனுக்குச் சுள்ளென்று கோபம் வந்தது. லீவு போட்டு, பஸ் பிடித்து, இத்தனை பாடும் பட்டது எதற்காம்? திட்ட வாயெடுத்தவன் அவள் முகத்தைப் பார்த்ததும் அடங்கிப்போனான்.

“எனக்கும் பயந்தான் ரஞ்சனி. நேத்து ராத்திரி கண்ணே மூடல. ஆனா நீ செடிக்கு நடுவுல விழுந்து கெடந்தியே, அதத் திரும்பப் பாக்க என்னால ஆகாது.”

அவள் முந்தானையில் மூக்கைச் சிந்தினாள். கண்ணைத் துடைத்துக்கொண்டு, கட்டை விரலையும் சேர்த்து உள்ளே விட்டாள். நகக்கண் வெளுத்தது.

“ம், திருப்புங்க.”

மொட்டு மட்டும் தனியாகத் திரும்பியது.