விசுவாசத்தில் ஆறிய புண்

எனக்கு மூக்கு நுனியில் கோபம் என்பது வீட்டுக்கும் தெரியும், சபைக்கும் தெரியும். அதனால் முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: இப்போதெல்லாம் யாராவது "ஸ்தோத்திரம் சிஸ்டர்" என்று என் கையைப் பிடித்தால் எனக்குக் குமட்டுகிறது. நான் ஒன்றும் நாஸ்திகம் பேசுகிறவள் இல்லை. இருபத்திரண்டு வருஷமாகக் கடல் தாண்டி ஒரு மிஷன் ஆஸ்பத்திரியில் நர்ஸாக ஊழியம் செய்கிறவள்.

அங்கே சலவை அறையில் ஒருத்தி வேலை செய்கிறாள். என்னைவிட எட்டு வயது மூத்தவள், எனக்கு அக்கா மாதிரி. போய் இறங்கிய புதிதில் அந்த ஊர்ப் பாஷையை என் வாயில் ஏற்றியவள் அவள்தான். நான் உளறினால் போர்வை பிழிவதை நிறுத்திவிட்டு விழுந்து விழுந்து சிரிப்பாள். அவளுக்குச் சர்க்கரை வியாதி, இடது கணுக்காலுக்கு மேலே ஆறாத புண். ஒருநாள் விட்டு ஒருநாள் நான்தான் கட்டு மாற்றுவேன். இரண்டு பேரும் கண்ணை மூடி ஒரு சின்ன ஜெபம், அப்புறம் உப்புத் தண்ணீர், மருந்து, துணி. இரண்டு வருஷமாக இதுதான் வழக்கம்.

நாலு மாதத்துக்கு முன்னால் திடீரென்று காலை இழுத்துக்கொண்டாள். "நானே கட்டிக்கிறேன், நீ வராதே" என்றாள். கெஞ்சினேன், கத்தினேன், மசியவில்லை. வேறு யாருக்கும் காட்டவும் இல்லை. நான் லீவில் ஊருக்குக் கிளம்பிய அன்று சலவை அறை வாசலிலேயே வாடை அடித்தது. அந்த வாடையை வைத்தே அங்கே உள்ள டாக்டர் ஒளிவுமறைவில்லாமல் சொன்னார்: "இந்த மாசத்துக்குள்ள புண்ணைச் சுத்தம் பண்ணலேன்னா முழங்காலுக்குக் கீழே எடுக்க வேண்டியதுதான்." பிடிவாதம் பிடித்தவளே, எக்கேடோ கெட்டுப் போ என்று மனசுக்குள் திட்டிவிட்டுத்தான் விமானம் ஏறினேன். வழியெல்லாம் தூக்கமே இல்லை.

ஊருக்கு வந்த நாலாம் நாள் காலை மிஷன் சங்க ஆபீசுக்குப் போனேன். சங்கத்தின் செயலாளர் என் அக்கா வீட்டுக்காரர். எங்கள் ஆஸ்பத்திரிக்குப் போகிற பார்சலைக் கட்டிக்கொண்டிருந்தார்கள், அதில் அவளுக்கு ஒரு நல்ல மருந்தைச் சேர்க்கலாம் என்று நினைத்தேன். பெட்டிகளைப் பார்த்தேன். எலாஸ்டிக் போன உள்பாவாடை, ஒரு கால் ஒடிந்த மூக்குக்கண்ணாடி, யாரோ பாதி பூசிய பவுடர் டப்பா. குப்பைக்காரன்கூட வாங்கமாட்டான். ஊழியத்துக்கு என்று எழுதி ஒட்டினால் எல்லாம் காணிக்கை ஆகிவிடும் போலிருக்கிறது, சீ!

ஒரு அம்மா மருந்து பாட்டில்களைக் காகிதத்தில் சுற்றிக்கொண்டிருந்தார். "நம்ம மாசப் பத்திரிகைதான் சிஸ்டர். மிச்சமாகுறதை வீணாக்காம இப்படிச் சுத்திடுவோம், எப்பவும் இதுதான்" என்று சொல்லிக்கொண்டே ஒரு தாளைக் கசக்கினார். கசங்குகிற அந்த முகம் எனக்குத் தெரிந்த முகம். பிடுங்கி விரித்துப் பார்த்தேன்.

என் சலவைக்காரி. வாயெல்லாம் பல்லாகச் சிரிக்கிறாள், கீழே புண் திறந்து கிடக்கிறது. படம் நான் எடுத்ததுதான். அத்தானுக்குத் தெரிந்த தோல் டாக்டரிடம் காட்டச் சொல்லி அனுப்பினேன். "டாக்டர் ஒருத்தர்தான் பார்ப்பார்" என்று அவளிடம் சத்தியம் பண்ணாத குறையாகச் சொல்லியிருந்தேன். முகத்தை வெட்டிவிட்டு அனுப்பியிருக்கலாம். சோம்பல். என் கையை நானே முறித்துக்கொள்ள வேண்டும்.

படத்துக்கு மேலே கொட்டை எழுத்தில் "பாவத்தின் புண் ஆறியது!" குடித்துச் சீரழிந்து மந்திரவாதிகளின் பின்னால் அலைந்தவளாம். நான் கைவைத்து ஜெபித்த மூன்றாம் நாள் புண் மறைந்து இரட்சிக்கப்பட்டாளாம். கடைசியில் என் கையெழுத்து! அடப்பாவிகளா, அந்த ஊரில் முதல் ஜெபவீட்டுக்குச் சுவர் எழுப்பியதே அவளுடைய தாத்தா. என் வீட்டில் பைபிள் நுழைவதற்கு முன்னாலேயே அவள் வீட்டில் ஞானப்பாட்டு பாடியாகிவிட்டது.

நேரே அத்தான் அறைக்குப் போய்த் தாளை மேஜையில் வைத்தேன்.

"என்ன அத்தான் இது? புண்ணு எங்கே ஆறிச்சு?"

அவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு பார்த்தார். துளி வெட்கம் இருக்க வேண்டுமே! "இதுவா? விசுவாசத்துல எழுதினதும்மா. ஆறும்னு நம்பித்தானே ஜெபிக்கிறோம்? நம்பினதை முன்கூட்டியே சாட்சியாப் போட்டோம். ஆறிட்டா பொய்யே இல்லையே!"

"ஆறலேன்னா?"

"அப்படிக் கேக்குறது அவிசுவாசம். இத்தனை வருஷ ஊழியத்துல இதுகூடத் தெரியலையா உனக்கு?"

தூ என்று துப்பவில்லை, அக்கா முகத்துக்காக விட்டேன். வாய் முழுக்க எச்சில் ஊறியது.

வராந்தாவுக்கு வந்தபிறகுதான் மண்டையில் உறைத்தது. எங்களுக்கு வருகிற பார்சலைப் பிரிப்பதே சலவை அறையில்தான். பழைய துணியைத் துவைக்காமல் யாருக்கும் கொடுக்க முடியாதே. மருந்து மட்டும் காகிதம் நீக்கி என்னிடம் வரும். போன பார்சல் வந்து சரியாக நாலு மாதம். தமிழ் அவளுக்குத் தெரியாது. படம் தெரியுமே.

சலவை அறைக்குப் போன் போட்டு அவளைக் கூப்பிடச் சொன்னேன். வந்தாள்.

"பார்சல்ல உன் படத்தைப் பார்த்தியா?" என்று அவள் பாஷையில் கேட்டேன்.

"பார்த்தேன். மருந்து பாட்டிலைச் சுத்தி நான் இருந்தேன்" என்றாள். "என் பேத்திகூடப் பார்த்தா."

"என்னை ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே, திட்டியிருக்கலாமே!"

அவளுக்குப் பின்னால் துவைக்கிற மெஷின் ஓடும் சத்தம் கேட்டது.

"கட்டுப் பிரிக்கிறதுக்கு முன்னாடி நீ ஜெபம் பண்ணுவே. நான் கண்ணை மூடிக்குவேன். மூடியிருக்கிற நேரத்துல நீ என்ன பண்றேன்னு எனக்கு எப்படித் தெரியும்?"

டாக்டருக்காக அனுப்பினேன், அவர்கள் அச்சடித்தார்கள், தப்பு என்னுடையதும்தான், என்னை மன்னித்துவிடு என்று தட்டுத்தடுமாறிச் சொல்லி முடித்தேன். அவள் சிரிக்கவில்லை.

"என்கிட்ட காட்ட வேண்டாம். டாக்டர்கிட்ட காட்டு, இன்னைக்கே காட்டு. யாரும் ஜெபம் பண்ண வேண்டாம். நீ கண்ணைத் திறந்து வெச்சுக்கிட்டே இரு" என்றேன்.

"படமெடுக்கிற போன் கையில இல்லாம வரச் சொல்லு அவரை" என்று வைத்துவிட்டாள். டாக்டருக்கு உடனே அப்படியே சொன்னேன்.

திரும்பி வந்தபோது பெட்டிகளை ஒட்டுவதற்கு முன் ஜெபம் தொடங்கியிருந்தது. அத்தான் பெட்டிமேல் கைவைத்து உருக்கமாக ஜெபித்துக்கொண்டிருந்தார், எல்லோரும் கண்ணை மூடியிருந்தார்கள். நான் மூடவில்லை. பாட்டில் பாட்டிலாக வெளியே எடுத்துக் காகிதத்தைப் பிரித்து, அவள் முகத்தை நீவி நீவி அடுக்கினேன். பதினேழு முகம் சேர்ந்தது. "ஆமென்" என்று அவர்கள் கண்ணைத் திறந்தபோது பாட்டில்கள் எல்லாம் மொட்டையாக நின்றன.

"என்னம்மா பண்றே?" என்றார் அத்தான்.

"நீங்க கண்ணை மூடியிருந்தீங்கல்ல" என்றேன்.