தசமத்தை விழுங்கிய சராசரி

நாலு. எல்லாருக்கும் நாலு. இப்படியே இருந்துவிட்டுப் போகட்டுமே, யார் குடி முழுகிவிடும்?

நினைத்துக்கொண்டே அவள் திரையிலிருந்த பட்டியலை மேலும் கீழும் உருட்டினாள். அந்த பிசியோதெரபி மருத்துவமனையில் பதினொரு தெரபிஸ்டுகள். சிகிச்சை முடிந்து போகிறவர்கள் ஒன்று முதல் ஐந்து வரை நட்சத்திரம் போட்டுவிட்டுப் போவார்கள். அவற்றின் சராசரியை எடுத்து வரவேற்பறைப் பலகையில் காட்டும் கணினி நிரலை எழுதியவள் அவள்தான். எட்டு மாதமாகப் பதினொரு பேருக்கும் நாலு, நாலு, நாலு.

ஏன் என்பது இரண்டாம் மாதமே அவளுக்குத் தெரிந்துவிட்டது. நட்சத்திரங்கள் முழு எண்ணாகச் சேமிக்கப்படுகின்றன. விடை தசமமாக வேண்டும் என்று சொல்லாவிட்டால் அங்கிருந்த தரவுத்தளம் சராசரியையும் முழு எண்ணாகவே தரும். புள்ளிக்குப் பின்னால் வருவதைச் சத்தமில்லாமல் விழுங்கிவிடும். சோதித்தபோது அவள் போட்ட மாதிரி எண்கள் எல்லாமே நாலாக இருந்ததால் பிழை கண்ணில் படவில்லை. கண்டுபிடித்த அன்றே திருத்தியிருக்கலாம், ஒரு வரி வேலை. ஆனால் திருத்துமுன் தனியாகக் கணக்கிட்டுப் பார்த்தாள். மூத்த தெரபிஸ்டுக்கு 4.07. அங்கேயே தெரபிஸ்டாக இருந்த தன் சொந்தத் தங்கைக்கு 4.86.

பார்த்தாள். மூடிவிட்டாள்.

வீட்டில் அம்மாவுக்குத் தோள்வலி வந்தால் முதலில் ஓடுகிறவள் அவள். இரண்டு நிமிடம் பொறுத்துக்கொண்டு அம்மா சொல்வாள்: "நீ விடும்மா, உனக்கு எதுக்குச் சிரமம். சின்னவ வரட்டும்." சின்னவள் வருவாள், எங்கோ ஓரிடத்தில் கட்டைவிரலை வைப்பாள், அம்மாவின் முகம் இளகிவிடும். அந்த முகத்தைத் தன் கையால் ஒருநாளும் வரவழைக்க அவளால் முடிந்ததில்லை. இதற்கு அழவும் முடியாது, யாரிடமும் சொல்லவும் முடியாது.

போன மாதம் தங்கையே அவள் மேசைக்கு வந்து நின்றாள்.

"ஏன்க்கா, பதினொரு பேரும் ஒரே அச்சுல வார்த்த மாதிரி நாலா? உன் மிஷினுக்கு வேற எண்ணே தெரியாதா?"

"இரு, புள்ளி வச்சுக் காட்டறேன்" என்றாள் அக்கா.

வைத்தாள். எங்கே வைக்கவேண்டும் என்று தெரிந்தே வேறிடத்தில் வைத்தாள். சராசரி எடுக்குமுன் நட்சத்திரங்களைத் தசமமாக்கியிருக்கவேண்டும். அவள் சராசரியை முடிக்கவிட்டு அதன் வெளியே தசமத்தைப் போர்த்தினாள். பால் சிந்திப்போன பிறகு பெரிய பாத்திரத்தைக் கொண்டுவந்து வைப்பதுபோல. பலகையில் 4.00, 4.00 என்று வரிசையாக நின்றது. பார்த்தால் எவ்வளவு நேர்மையான எண்!

"அப்ப நெஜமாவே நான் எல்லாரையும் மாதிரிதான்" என்றாள் தங்கை. சிரிக்கப் பார்த்தாள், வரவில்லை. அன்றுமுதல் ஒவ்வொரு நோயாளிக்கும் பத்து நிமிடம் கூடுதலாக நின்றாள்.

இந்த வாரம் புதிய கிளைக்குத் தலைமை தெரபிஸ்ட் தேடினார்கள். மதிப்பெண் கூடியவருக்கு இடம். சமமானால் பணிக்காலம் கூடியவருக்கு. நேற்று மாலை தங்கை அடுக்களையில் மணிக்கட்டை வெந்நீரில் போட்டு உட்கார்ந்திருந்தாள். கை வீங்கியிருந்தது.

"என்னடி இது?"

"ஒண்ணுமில்லக்கா. எங்கயோ தப்புப் பண்றேன், எங்கன்னுதான் தெரியல."

நல்லா வேணும்.

யார் சொன்னது? அவள்தான், வாய் திறக்காமல். அந்தக் குரலின் திருப்தி அவளுக்கே கேட்டது. வெந்நீரை மாற்றிக் கொடுத்துவிட்டு, நேராகப் பார்க்க முடியாமல் அங்கிருந்து நகர்ந்தாள்.

இன்று காலை மேனேஜரின் அறையில் சொல்லிவிட்டாள். எட்டு மாதப் பிழை, போன மாதம் செய்த போலித் திருத்தம், இரண்டையும். ஏன் செய்தாள் என்பதை மட்டும் சொல்லவில்லை.

மேனேஜர் கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைத்தார். "ஏம்மா, இதை இப்பத்தானா கொண்டு வருவீங்க? புதுக் கிளைக்கு நீங்கதான்னு சீனியர் தெரபிஸ்ட்கிட்ட வாய்விட்டுட்டேன். அவங்க வீட்டுக்கெல்லாம் சொல்லியாச்சு."

"தெரியாது சார்."

"இன்னொண்ணு. உங்க தங்கச்சி மேல வர்றதுக்கு நீங்களே நம்பரை மாத்துனீங்கன்னு பேசுவாங்க. ஊர் வாயை மூட முடியுமா?" குரலைத் தாழ்த்தினார். "வெள்ளிக்கிழமை லிஸ்ட் போயிடட்டும். அப்புறம் தாராளமா மாத்துங்க. மூணு நாள்தானே, நீங்க சும்மா இருந்தாப் போதும்."

சும்மா இருந்தால் போதும். இத்தனை மாதமாக அவள் மனம் கேட்டதை ஒருவர் தட்டில் வைத்து நீட்டுகிறார், அதுவும் அவள் நல்லதுக்கு என்று சொல்லி. தங்கை தோற்பாள். இவள்மேல் ஒரு துளி பழி விழாது. உள்ளே ஏதோ துள்ளியது. துள்ளியது என்ன என்று அவளுக்குத் தெரிந்தது. அது போகாது, இன்று மாலை அம்மாவின் தோளருகே நிற்கும்போதும் இருக்கும். இருந்துவிட்டுப் போகட்டும்.

"இல்ல சார்" என்றாள், மெதுவாக.

"மூணு நாள்ம்மா."

"இன்னிக்கே மாத்திடறேன் சார்" என்று சொல்லி எழுந்தாள்.