திருமலைசாமி பாஸ் கேட்பதில்லை

கருமத்தம்பட்டியிலிருந்து காந்திபுரம் போகும் காலை வண்டியில் கண்டக்டர் திருமலைசாமி தெரிந்த முகங்களிடம் பாஸைக் காட்டச் சொன்னதே கிடையாது. "பாஸுங்களா?" என்பார். "ஆமாங்க" என்றால் அடுத்த ஆளிடம் நகர்ந்துவிடுவார். தினமும் ஏறுகிறவரிடம் போய் எடுத்துக் காட்டு என்பது, கல்யாணத்துக்கு வந்தவரை வாசலில் நிறுத்திப் பத்திரிகை எங்கே என்று கேட்பதுபோல என்பது அவர் எண்ணம். அப்படியொரு மரியாதைக்காரர். வண்டியில் எல்லோருக்கும் அது பிடித்திருந்தது, தெய்வாத்தாளுக்குக் கொஞ்சம் அதிகமாகவே.

தெய்வாத்தாளுக்குப் பீளமேட்டில் ஒரு பம்ப்செட் கம்பெனியில் பில் போடும் வேலை. அப்பா போன பிறகு அம்மாவும் தங்கை லோகப்பிரியாவும் அவள் சம்பளத்தில்தான் சாப்பிட்டார்கள். தொண்ணூற்று நான்காம் வருஷம் தை மாதம் அவளுடைய மூன்று மாதப் பாஸ் தொலைந்துபோனது. டிப்போவில் எழுதிக் கொடுத்தாள். பழைய நம்பரைக் கேன்சல் செய்து புதுப் பாஸ் கொடுத்தார்கள். பழையது கிடைத்தால் உடனே கொண்டுவந்து ஒப்படைக்க வேண்டும் என்று சொல்லித்தான் கொடுத்தார்கள். சில நாளிலேயே கிடைத்தது. டிபன் பையின் அடி அட்டைக்குக் கீழே சப்பாத்தி எண்ணெய் பட்டுக் கிடந்தது.

அன்றைக்கே கொண்டுபோய்க் கொடுத்திருந்தால் இந்தக் கதையே இல்லை. ஆனால் அதே வாரம்தான் லோகப்பிரியா டவுனில் கம்ப்யூட்டர் வகுப்பில் சேர்ந்திருந்தாள். அவள் போவது பத்து மணி வண்டி. அதில் கண்டக்டர் ஒவ்வொரு பாஸையும் வாங்கிப் பார்ப்பவர். புதுப் பாஸில் டிப்போ முத்திரை சரியாகப் போட்டோவில் முகத்தின் மேல் விழுந்திருந்தது. மிச்சமிருந்த நெற்றியும் காதும் அக்காவுடையதா தங்கையுடையதா என்று பெற்றவளாலேயே சொல்ல முடியாது. புதியதைத் தங்கையிடம் கொடுத்துவிட்டு, கேன்சல் ஆனதைத் தன் கைப்பையில் வைத்துக்கொண்டாள் தெய்வாத்தாள். திருமலைசாமிதான் கேட்கப்போவதில்லையே. ஆபத்துக்குப் பாவமில்லை என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். ஆபத்து எதுவும் இல்லை என்பது அவளுக்கே தெரியும்.

மாசி மாதத்தில் ஒருநாள் நீலாம்பூரில் செக்கிங் ஏறினார்கள். கேன்சல் ஆன நம்பர்களைத் துண்டுச் சீட்டில் எழுதி வைத்திருந்த செக்கர், அவள் பாஸைப் பார்த்தார், சீட்டைப் பார்த்தார், மறுபடி பாஸைப் பார்த்தார். இது செல்லாத பாஸ் என்றார். புதியது என்று நினைத்துப் பழையதை எடுத்து வந்துவிட்டேன், புதியது வீட்டில் இருக்கிறது என்றாள். அது முதல் பொய். அதோடு நின்றிருந்தால் அபராதத்தோடு போயிருக்கும்.

"கண்டக்டர்கிட்டக் காட்டுனீங்களா?" என்று கேட்டார் செக்கர்.

காட்டவில்லை என்றால் தெரிந்தே ஒளித்தவள் என்று ஆகிவிடும். வண்டி முழுக்கத் தெரிந்தவர்கள். தங்கைக்கு அவிநாசியிலிருந்து ஒரு இடம் வந்து பேச்சு ஓடிக்கொண்டிருந்தது. இதெல்லாம் அவள் யோசித்துச் சொன்னதாகச் சொல்ல முடியாது. வாய் தானாகவே சொல்லிவிட்டது.

"காட்டுனேனுங்க. பாத்தாருங்க."

செக்கர் திரும்பித் திருமலைசாமியைப் பார்த்தார். திருமலைசாமி தெய்வாத்தாளைப் பார்த்தார். கோபமில்லை, ஆச்சரியம்தான். பிறகு, அவர் எப்போதும் பேசுகிற அதே குரலில் சொன்னார்.

"ஆமாங்க. அம்மணி காட்டுனாங்க. நாந்தானுங்க நம்பரக் கவனிக்கலே."

அவளிடம் அபராதம் வாங்கிக்கொண்டு பாஸையும் எடுத்துக்கொண்டார்கள். பழி ஓரிடம் பாவம் ஓரிடம் என்பார்கள். மறுநாள் வண்டியில் வேறு கண்டக்டர் இருந்தார். திருமலைசாமியைச் சஸ்பெண்ட் செய்துவிட்டார்கள் என்று, சோமனூரில் துணிக்கடை வைத்திருக்கும் சீனிவாசலு நாயுடு எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னார். புதுக் கண்டக்டர் ஒவ்வொரு பாஸையும் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்த்தார். அதனால் வண்டி தாமதமானது, அதற்கும் திருமலைசாமிதான் திட்டு வாங்கினார். பார்த்துக் கொடுக்க ஒரு நிமிஷம் ஆகுமா, அவனுக்கு மெத்தனம், பாவம் இந்த அம்மணி என்ன செய்வாள் என்று அவளுக்கு உட்கார இடம்கூட விட்டார்கள். அவள் உட்கார்ந்தாள். உட்கார்ந்தது இன்னும் மோசமாக இருந்தது. அந்தச் சீட்டில் தான் ஒரு திருடி என்று அவளுக்குப் பட்டது, எழுந்து நிற்கவும் துணிச்சல் இல்லை.

அன்று ராத்திரியே லோகப்பிரியாவிடம் பாஸைத் திருப்பி வாங்கிப் பீரோவில் வைத்துப் பூட்டினாள். தங்கை ஏன் என்று கேட்டதற்குக் காரணமில்லாமல் எரிந்து விழுந்தாள். திருமலைசாமியின் வீடு சோமனூர் ரோட்டில் இருப்பதை விசாரித்துத் தெரிந்துகொண்டு இரண்டு தடவை அந்தத் தெருமுனை வரைக்கும் போனாள். இரண்டு தடவையும் வாசலில் அவர் சம்சாரம் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தாள். அந்த அம்மாள் முகத்தைப் பார்த்து என்னவென்று சொல்வது? திரும்பி வந்துவிட்டாள். அவரைப் பார்ப்பதைவிட ஊர் பேர் தெரியாத ஒரு அதிகாரியைப் பார்ப்பது அவளுக்குச் சுலபமாக இருந்தது.

விசாரணைக்குச் சாட்சியாக வரும்படி டிப்போவிலிருந்து ஆள் வந்து சொல்லிவிட்டுப் போனபோது அவள் முடிவு செய்துவிட்டாள். பேர் கெட்டால் கெடட்டும், அவிநாசிக்காரர்கள் போனால் போகட்டும். ஒரு நல்ல மனிதரின் வேலை தன்னால் போகக் கூடாது. அன்று கம்பெனிக்கு லீவு போட்டுவிட்டு, டிக்கெட் எடுத்துப் பஸ்ஸில் போனாள்.

அதிகாரி நிதானமான மனிதர். அவள் மூச்சு விடாமல் எல்லாவற்றையும் சொன்னாள். பழைய பாஸ் கிடைத்தது, புதியதைத் தங்கைக்குக் கொடுத்தது, அன்றைக்குப் பாஸைக் கண்டக்டரிடம் காட்டவே இல்லை என்பது, அவர் கேட்கவும் இல்லை, எந்த நாளும் கேட்டதில்லை, அவர்மேல் எந்தத் தப்பும் இல்லை என்பது வரைக்கும். அதிகாரி ஒரு இடத்தில் நிறுத்தி, எந்த நாளும் கேட்டதில்லையா என்று இன்னொரு முறை கேட்டுக்கொண்டார். ஆமாங்க, எந்த நாளும் இல்லீங்க என்று அழுத்திச் சொன்னாள். அவர் எழுதினார், அவள் கையெழுத்துப் போட்டாள். ஒரு வருஷத்துக்கு உங்களுக்குப் பாஸ் கிடையாது, போகலாம் என்றார். இவ்வளவுதானா என்று அவளுக்கே நம்ப முடியவில்லை. வெளியே வரும்போது உடம்பு லேசாக இருந்தது.

பணிமனைப் பக்கம் போட்டிருந்த பெஞ்சில் திருமலைசாமி காத்திருந்தார். தேய்த்த வெள்ளைச் சட்டை, தாடி மழித்த முகம். அவளைப் பார்த்ததும் எழுந்து நின்றார். இப்போது அவரை ஏறிட்டுப் பார்க்க முடிந்தது.

"மன்னிச்சுக்கோணுங்க. உள்ள எல்லா உண்மையும் சொல்லிப்போட்டனுங்க" என்றாள்.

"எல்லாமுங்களா?"

"எல்லாமுங்க. நீங்க பாஸே பாக்கலீன்னும் சொல்லிப்போட்டனுங்க."

அவர் பெஞ்சில் உட்கார்ந்துவிட்டார். கர்ச்சீப்பை எடுத்துக் கழுத்தைத் துடைத்தார். 

"பாத்தேன், நம்பரக் கவனிக்கலீன்னு நான் எழுதிக் குடுத்துருக்கறனுங்க அம்மணி. கவனக்குறைவுன்னா ஒரு இன்கிரிமென்ட் வெட்டோட போயிருமுன்னு யூனியன்ல பேசி முடிச்சுட்டாங்க. அடுத்த வாரம் வண்டி ஏறியிருப்பனுங்க. இப்பப் பொய் எழுதிக் குடுத்தவன்னு ஆயிருச்சுங்களே. அதுக்கு வேலைல வெச்சுக்க மாட்டாங்க."

 திரும்ப உள்ளே ஓடி, நான் சொன்னது பொய் என்று சொல்லலாமா என்று ஒரு கணம் நினைத்தாள். எத்தனையாவது பொய்யை எவர் நம்புவார்? நல்லது செய்ய வந்தோம் என்று நினைத்துக்கொண்டு தன் பாரத்தை இறக்கி வைக்க இடம் தேடித்தான் வந்திருக்கிறோம், இறக்கியது இவர் தலையில் என்பது அப்போதுதான் அவளுக்கு உறைத்தது.

"எங்கூட்டுக்கு ஒரெட்டு வந்து சொல்லியிருந்தீங்கன்னா..." என்று ஆரம்பித்தவர், அவள் முகத்தைப் பார்த்து மேலே சொல்லாமல் விட்டுவிட்டார்.

பியூன் கதவைத் திறந்து அவர் பெயரைக் கூப்பிட்டார். திருமலைசாமி எழுந்து சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டார். இரண்டடி போனவர், சொல்லிக்கொள்ளாமல் போகக் கூடாது என்று நினைத்தவர்போலத் திரும்பினார்.

"வாரேனுங்க, அம்மணி."

போயிட்டு வாங்க என்று பதில் சொல்ல வேண்டும். தெய்வாத்தாளுக்கு வாய் வரவில்லை.